ரீஃப் தொட்டியில் பாஸ்பேட்டையும் சுவட்டு உலோகங்களையும் சேர்த்தே கவனிப்பது எப்படி

கடல்நீரில் பவளம் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பாஸ்பேட்டைத் தனி வேலையாகவும் மிகச் சிறு அளவில் மட்டும் இருக்கும் சுவட்டு உலோகங்களைத் தனி வேலையாகவும் வைத்துக்கொள்கிறார்கள். பாஸ்பேட் ஏறினால் ஜி.எஃப்.ஓ. என்னும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் போடுகிறார்கள், பவளத்தின் நிறம் மங்கினால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு நுண்தனிமக் கரைசலை ஊற்றுகிறார்கள். ஆனால் பாஸ்பேட்டைப் பிடிக்கும் அந்த மணிகள் சில உலோகங்களையும் சேர்த்தே பிடித்துக்கொள்கின்றன. பாஸ்பேட்டை உண்டு வளர வேண்டிய பாசி, தண்ணீரில் இரும்பும் மாங்கனீசும் தீர்ந்துவிட்டால் வளராமல் நின்றுவிடுகிறது. அலுமினியம் ஆக்சைடு மீடியாவோ (மீடியா என்பது வடிகட்ட இடும் மணிகள்) பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு அலுமினியத்தைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆகவே ஒன்றில் கை வைக்கும்போது மற்றொன்றையும் அளந்து பார்ப்பதே முறை. இந்த வழிகாட்டியின் கணக்குகள் யாவும் 300 லிட்டர் நிகரத் தண்ணீர் கொண்ட தொட்டியை வைத்துச் சொல்லப்படுகின்றன. உங்கள் தொட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டியில்) உள்ள தண்ணீரைக் கூட்டிக் கணக்கிடுவதுதான் நிகர அளவு.

எந்த அளவில் வைக்க வேண்டும்

வெப்பமண்டலப் பவளப்பாறைகளின் மேல்மட்டக் கடல்நீரில் பாஸ்பேட் பொதுவாக 0.02 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு 1 பிபிஎம்) கீழேதான் இருக்கும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தொட்டியிலும் அதே அளவுக்கு இறக்க முயல்வது சரியன்று. கடலில் நீரோட்டம் நாள் முழுவதும் மிதவை உயிரிகளையும் துகள்களையும் பவளத்தின் வாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கே பவளத்துக்கு வேண்டிய பாஸ்பரஸில் பெரும்பகுதி உணவாகவே வருகிறது. தொட்டியில் அந்த உணவு இல்லாததால் கரைந்த பாஸ்பேட் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். 0.03 முதல் 0.10 பிபிஎம் வரை பாஸ்பேட்டும், 2 முதல் 10 பிபிஎம் வரை நைட்ரேட்டும் இருப்பது பெரும்பாலான கலப்புத் தொட்டிகளுக்கு ஏற்றது.

பாஸ்பேட் அளவுக்கு மிஞ்சினால் பவளத்தின் சுண்ணாம்பு எலும்பு உருவாவது தடைப்படுகிறது, பாறைகளில் முடிப்பாசி படர்கிறது, எஸ்.பி.எஸ். எனப்படும் சிறு பாலிப் கல்பவளங்கள் பழுப்பேறுகின்றன. இது பலரும் அறிந்ததே. பாஸ்பேட் தீர்ந்துபோவதால் வரும் கேடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையாகும் நீரில் பவளங்கள் வெப்பத்தாலும் ஒளியாலும் எளிதில் வெளுத்துவிடுகின்றன என்று காட்டியது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சுழியத்துக்கு இறங்கிய தொட்டிகளில் டைனோஃபிளாஜெலேட்டுகள் என்னும் ஒற்றைச் செல் உயிரிகள் பழுப்புச் சளிபோலப் படர்வதும் அடிக்கடி நடக்கிறது. அவற்றை ஒழிப்பது முடிப்பாசியை ஒழிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். எனவே கருவியில் சுழியம் தெரிந்தால் அதை வெற்றியாகக் கொள்ளாதீர்கள்.

பாஸ்பேட்டை அளப்பது

வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டிகள் 0.1 பிபிஎம்முக்குக் கீழே பயன்படுவதில்லை. இளநீலத்தின் இரண்டு சாயல்களுக்கு இடையே கண் தடுமாறும். ஒளியளவி ஒன்று வாங்குவது நல்லது. ஹான்னா நிறுவனத்தின் மிகக் குறைந்த அளவுக்கான பாஸ்பரஸ் செக்கர் 0 முதல் 200 பிபிபி (1000 பிபிபி = 1 பிபிஎம்) வரை காட்டுகிறது. அது காட்டுவது பாஸ்பரஸின் அளவேயன்றிப் பாஸ்பேட்டின் அளவன்று. அந்த எண்ணை 3.066 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம்மில் கிடைக்கும். கருவி 10 காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.03 என்று பொருள். அக்கருவியின் பிழை வரம்பே ஏறத்தாழ 5 பிபிபி என்பதால் 0.03க்கும் 0.04க்கும் இடையே உள்ள வேறுபாட்டை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒரே நேரத்தில், ஒரே முறையில், வாரம் இருமுறை அளந்து குறித்துவைத்து, எண்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதைப் பாருங்கள்.

அளக்கும் குப்பியில் விரல்ரேகை படிந்திருந்தாலும், தூள் முழுவதும் கரையாமல் சிறு குமிழிகள் சுவரில் ஒட்டியிருந்தாலும் எண் உயர்ந்தே வரும். குப்பியை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பை அதன் அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். சுழியம் அமைக்கும்போதும் அளக்கும்போதும் குப்பி ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக மூடியில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: இக்கருவிகள் கரைந்த ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டுமே காண்கின்றன. கரிமச் சேர்மங்களில் கட்டுண்ட பாஸ்பரஸும், பாசி தன் உடலுக்குள் இழுத்துக்கொண்ட பாஸ்பேட்டும் கணக்கில் வருவதில்லை. கண்ணாடி முழுவதும் பாசி மண்டியிருக்க, கருவி 0.02 என்று காட்டுவது இதனால்தான்.

பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் உணவிலிருந்துதான். உலர் மீன் உணவுகளின் அட்டையில் பாஸ்பரஸ் 1 விழுக்காடு என்றோ அதற்கு மேலோ அச்சிட்டிருப்பார்கள். 1 கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்றால், அது பாஸ்பேட்டாக 30 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 300 லிட்டரில் முழுவதும் கரைந்தால் 0.10 பிபிஎம். அதாவது ஒரு கிராம் உணவு, நாம் விரும்பும் வரம்பின் உச்சியைத் தொடும் பாஸ்பேட்டைச் சுமந்து வருகிறது. அத்தனையும் தண்ணீரில் தங்குவதில்லை. மீன், பாசி, பாக்டீரியா, பவளம் யாவும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. உறைந்த மைசிஸ், பிரைன் இறால் என்னும் மீன் உணவுகளை வடிகட்டியில் அலசிப் போட்டால் பாஸ்பேட் குறையும் என்று நம்புகிறவர்கள் உண்டு. உருகிய நீரில் போவது சிறு பகுதியே. பெரும்பகுதி இறாலின் சதைக்குள் இருக்கிறது. அலசுவதால் கெடுதல் இல்லை, அதையே தீர்வாக நம்ப வேண்டாம்.

இரண்டாவது மூலம் பாறையும் மணலும். சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீரில் அளவு குறையும்போது மெல்ல விட்டுக்கொடுக்கும். நெடுநாள் 0.5 பிபிஎம்மில் இருந்த தொட்டியில் மீடியா போட்ட மறுநாள் 0.2க்கு இறங்கி, மூன்றாம் நாள் மறுபடி 0.4 காட்டினால் மீடியா கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். பாறை தன் இருப்பை வெளியே தருகிறது, அவ்வளவே. இத்தகைய தொட்டிகளைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும்.

மூன்றாவது, ஊற்றும் தண்ணீர். இதை உலோகங்களோடு சேர்த்துப் பின்னால் பார்ப்போம்.

குறைக்கும் வழிகள்

முதலில் நுரையாக அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் கழுவிச் சரிசெய்யுங்கள். அது கரைந்த பாஸ்பேட்டை நேரடியாக எடுப்பதில்லை. பாஸ்பேட்டாக உடையப்போகும் கரிமப் பொருளை முன்கூட்டியே வெளியேற்றுகிறது. அடுத்து ரெஃப்யூஜியத்தில் (பாசிக்கென ஒதுக்கிய தனி அறையில்) சீட்டோ என்னும் கடற்பாசியை வளர்ப்பது. என் கருத்தில் இதுவே எல்லா வழிகளிலும் மென்மையானது. பாசி வளரும் வேகத்தில்தான் பாஸ்பேட் இறங்கும் என்பதால் பவளங்களுக்கு அதிர்ச்சி இல்லை. ஆனால் கொத்தாக அடர்ந்து பச்சையாக இருந்த சீட்டோ சில வாரங்களில் வெளிறி, கையால் தொட்டால் நூல்நூலாக உதிர்ந்து, வடிகட்டிப் பையில் சேரத் தொடங்குவதைப் பலரும் காண்கிறார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் விளக்கும் போதுமான அளவு இருந்தும் இப்படி ஆனால் இரும்புப் பற்றாக்குறையை ஐயப்பட வேண்டும். கிலேட் செய்த (கரிமச் சேர்மத்தால் பிணைத்த) இரும்புக் கரைசலை, பாட்டிலில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்காகத் தொடங்கி, தினமும் சிறிது கொடுத்துப் பாருங்கள். இரும்பு தண்ணீரில் நெடுநேரம் நிற்பதில்லை. வாரம் ஒருமுறை மொத்தமாக ஊற்றினால் பெரும்பகுதி வீணாகிறது. பாசி மீண்டும் பசுமை ஏறி வளர்ந்தால் பாஸ்பேட் தானாகவே இறங்கும்.

ஜி.எஃப்.ஓ. எனப்படும் இரும்பு ஆக்சைடு மணிகள் குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்க உருவாக்கப்பட்டவை. பாஸ்பேட்டை அவை வெகுவேகமாகப் பிடிக்கின்றன. ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. பொட்டலத்தில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் சிவப்புத் தூள் முழுவதும் போகும்வரை அலசி, ரியாக்டரில் (தண்ணீர் மணிகளின் ஊடே ஓடும் குழாய்க் கலத்தில்) இடுங்கள். மேல்பரப்பு மணிகள் மெல்லப் புரளும் அளவுக்கு ஓட்டம் போதும். பொங்கிச் சுழன்றால் மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பொடியாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, தொட்டி நீரையும் ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாகிவிட்டால் மீடியா நிறைந்துவிட்டது. வாரத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாஸ்பேட் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். திடீர் வீழ்ச்சியில்தான் அக்ரோபோரா வகைக் கிளைப் பவளங்கள் அடியிலிருந்து தோலுரிகின்றன. ஜி.எஃப்.ஓ. ஓடும் நாட்களில் அல்கலினிட்டியையும் (பவளம் எலும்பு கட்டப் பயன்படுத்தும் கார்பனேட், பைகார்பனேட் அளவையும்) கூடவே அளக்க வேண்டும், ஏனெனில் மணிகளின் மேல் சுண்ணாம்பு படிந்து அல்கலினிட்டி சற்றுக் குறையக்கூடும். மணிகள் கட்டியாக இறுகுவதும் இதனால்தான். ஆர்சனிக்கைப் பிடிக்கும் அதே மேற்பரப்பு வனேடியம் போன்றவற்றையும் பிடிக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஜி.எஃப்.ஓ. ஓடிய தொட்டியில் ஆய்வக அறிக்கை சில தனிமங்களைச் சுழியமாகக் காட்டினால் வியப்படைய வேண்டியதில்லை.

வெள்ளை மணிகளாக வரும் அலுமினியம் ஆக்சைடு மீடியாவும் பாஸ்பேட்டை நன்றாகப் பிடிக்கும். சாஃப்ட் கோரல் (மென்பவளம்) தொட்டிகளில் இதை நான் பரிந்துரைப்பதில்லை. அலுமினியம் ஏறினால் சார்கோஃபைட்டான் என்னும் மென்பவளம் தன் பாலிப்புகளை உள்ளிழுத்துத் தலையைச் சுருக்கிக்கொண்டு நாள்கணக்கில் நின்றுவிடும்.

லாந்தனம் குளோரைடு, பாஸ்பேட் மிக உயர்ந்த பெரிய தொட்டிகளுக்கான கடைசி வழி. 1 மில்லிகிராம் பாஸ்பேட்டைப் படியவைக்கச் சுமார் 1.5 மில்லிகிராம் லாந்தனம் வேண்டும். 300 லிட்டரில் 0.1 பிபிஎம் இறக்க 45 மில்லிகிராம் அளவு போதும். ஆர்.ஓ. தண்ணீரில் நன்கு நீர்த்து, 5 மைக்ரான் வடிகட்டிப் பைக்குள் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக விழவிட வேண்டும். தொட்டிக்குள் நேரே ஊற்றினால் தண்ணீர் பால்போல் கலங்கும். டேங் வகை மீன்கள் மூச்சிரைத்து இறந்ததாக வளர்ப்பவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

உலோகங்கள்: எவ்வளவு, எங்கிருந்து

கடல்நீரில் மாலிப்டினம் சுமார் 10 பிபிபி, வனேடியம் 2 பிபிபிக்கு அருகில், நிக்கலும் துத்தநாகமும் 1 பிபிபிக்குள், செம்பு சுமார் 0.2 பிபிபி இருக்கும். திறந்த கடலின் மேல்மட்டத்தில் இரும்பு 0.05 பிபிபியைக்கூட எட்டுவதில்லை. 300 லிட்டரில் ஒரு தனிமத்தை 1 பிபிபி உயர்த்த 0.3 மில்லிகிராம் போதும். உப்புத் தூளின் ஒரு சிட்டிகையில் மிகச் சிறு பகுதி இது. ஆகவே துருப்பிடிக்கும் ஒரே ஒரு திருகாணி தொட்டி முழுவதையும் கெடுக்கப் போதுமானது.

செம்பு முதுகெலும்பில்லா உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் கொடுக்கும் அயனிச் செம்பின் அளவு 0.15 முதல் 0.20 பிபிஎம், கடலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பவளம், இறால், நத்தை இருக்கும் தொட்டியில் அந்த மருந்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே மருந்து தர வேண்டும். அந்தத் தொட்டியின் பம்பையோ பாறையையோ பிறகு பவளத் தொட்டிக்குக் கொண்டுவரவும் கூடாது.

நம் வீடுகளில் செம்புக்கு வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. குடிநீருக்காக இப்போது விற்கப்படும் ஆர்.ஓ. இயந்திரங்கள் சிலவற்றில் உடல்நலத்துக்கென்று செம்பைச் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. சுவைக்காகக் குழாய்த் தண்ணீரைச் சிறிது கலந்துவிடும் டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள் அளவு) திருகு பலவற்றில் உண்டு. மனிதர் குடிக்க நல்லதான இந்தத் தண்ணீர் ரீஃப் தொட்டிக்கு ஆகாது. இயந்திரத்தின் மெம்பிரேனிலிருந்து (வடிகட்டும் சவ்விலிருந்து) வெளிவரும் குழாயிலேயே, அந்தக் கார்ட்ரிட்ஜுகளுக்கு முன்பாக, தனிக் கிளை எடுத்து, எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசினுக்குள் விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். மீட்டர் 1 காட்டத் தொடங்கியதும் ரெசினை மாற்றிவிட வேண்டும், ஏனெனில் தீர்ந்த ரெசின் முதலில் விட்டுக்கொடுப்பவற்றில் சிலிக்காவும் உண்டு. உப்பு படியாமலிருக்க முன்வடிகட்டியில் போடும் ஆன்டிஸ்கேலன்ட் உருண்டைகள் பாலிபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவையாக இருக்கும். மெம்பிரேன் தேய்ந்திருந்தால் அந்த உருண்டைகளிலிருந்தும் பாஸ்பேட் கசியும். கேன் தண்ணீரும் கீசர் வழியாக வரும் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். உப்பு கலக்கச் செம்பு அண்டாவையோ பித்தளைக் குடத்தையோ தொடாதீர்கள். உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம் மட்டுமே சரி. கடற்கரையிலிருந்து கடல்நீர் எடுத்துவர எண்ணுபவர்கள் மீன்பிடித் துறைமுகங்களின் பக்கம் போகக் கூடாது. படகுகளின் அடிப்பாகத்தில் பூசும் பெயின்ட்டில் செம்பு ஆக்சைடு இருக்கிறது.

தொட்டிக்குள் இருக்கும் மூலங்களில் காந்தங்களை முதலில் ஐயப்படுங்கள். கண்ணாடி தேய்க்கும் காந்தத் துடைப்பானிலும் அலைப் பம்பிலும் உள்ள நியோடிமியம் காந்தங்களுக்கு நிக்கல், செம்பு, நிக்கல் என்று மூன்று அடுக்கு முலாம் பூசியிருப்பார்கள். பிளாஸ்டிக் உறையின் இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டால் உப்புநீர் உள்ளே புகுந்து காந்தம் உப்பத் தொடங்கும். துடைப்பானை எடுத்து விளக்கொளியில் ஓரங்களைத் திருப்பிப் பாருங்கள்: உறை இலேசாகப் புடைத்திருக்கும், இணைப்பில் பழுப்புக் கோடு ஓடும், விரலால் அழுத்தினால் கறுப்பு நீர் துளிர்க்கும். அதை அன்றே தூக்கி எறியுங்கள். நாகமுலாம் பூசிய ஹோஸ் கிளிப்புகள் துத்தநாகத்தையும், எஃகுத் திருகாணிகள் இரும்பு, குரோமியம், நிக்கல் ஆகியவற்றையும் விடும். சில பி.வி.சி. பொருட்களிலிருந்து நிலைப்படுத்தியாகச் சேர்த்த வெள்ளீயம் கசியும். புதுத் தொட்டியின் அறிக்கையில் வெள்ளீயம் தெரிந்தால் குழாய்களையும் மென்குழல்களையும் சோதியுங்கள்.

ஆய்வகச் சோதனை

வீட்டுச் சோதனைப் பெட்டிகளால் இந்த அளவுகளைக் காண முடியாது. ஐ.சி.பி. எனப்படும், பல தனிமங்களை ஒரே முறையில் அளக்கும் ஆய்வகச் சோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும். ஜெர்மனியின் டிரைட்டன், ஏ.டி.ஐ., ஃபானா மரின் போன்ற ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன. கையைச் சோப்பில்லாமல் நன்கு கழுவி, மாதிரிக் குழாயைத் தொட்டி நீரால் மூன்று முறை அலசி, நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டமுள்ள இடத்தில் நிரப்புங்கள். தண்ணீர் மாற்றிய நாளிலும் டோஸ் கொடுத்த உடனும் மாதிரி எடுக்கக் கூடாது. அதே நாளில் டி.ஐ. தண்ணீரின் மாதிரியையும் அனுப்புவது மிகப் பயனுள்ளது. தொட்டியில் செம்பு இருந்து டி.ஐ. தண்ணீரில் இல்லையென்றால் மூலம் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அறிக்கை வந்ததும் உப்பளவை (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்பதை) முதலில் பாருங்கள். அது 35க்குப் பதிலாக 32 என்றால் எல்லாத் தனிமங்களும் அதே விகிதத்தில் குறைந்தே தெரியும். உப்பைச் சரிசெய்யாமல் எதையும் டோஸ் செய்யக் கூடாது. அடுத்து, இருக்கக் கூடாதவை: செம்பு, வெள்ளீயம், அலுமினியம், ஈயம். அதன் பிறகே குறைந்தவற்றைப் பார்க்க வேண்டும். ஐ.சி.பி.-ஓ.இ.எஸ். எனும் வழக்கமான ஐ.சி.பி. முறையில் இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் ஆகியவற்றின் இயற்கை அளவுகள் பெரும்பாலும் கருவியின் காணும் எல்லைக்குக் கீழே இருப்பதால், அறிக்கையில் சுழியம் என்று இருப்பது அவை இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தச் சுழியத்தை நிரப்ப முயன்றவர்கள் மிகையான அளவில் உலோகத்தை ஊற்றிப் பவளங்களை இழக்கிறார்கள். அறிக்கையில் வரும் பாஸ்பேட் எண், மொத்தப் பாஸ்பரஸிலிருந்து கணக்கிட்டது. உங்கள் செக்கரோடு அது பொருந்தாமல் சற்று உயர்ந்திருப்பது இயல்பு.

நச்சு உலோகம் தென்பட்டால் மூலத்தை அகற்றிய பின் தண்ணீரை மாற்றுங்கள். 30 விழுக்காடாக மூன்று முறை மாற்றினால் பழைய அளவில் 34 விழுக்காடு எஞ்சும். 10 விழுக்காடாக மாற்றினால் இதே நிலைக்கு வரப் பத்து முறை வேண்டும். கூடவே புதிய கரியும், செம்பைப் பிடிக்கும் குப்ரிசார்ப் போன்ற ரெசினும் வையுங்கள். இவை நல்ல உலோகங்களையும் எடுத்துவிடும் என்பதால், அவை உள்ளே இருக்கும்வரை சுவட்டு உலோக டோஸை நிறுத்திவைக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து மறுசோதனை செய்யுங்கள். அளவு மறுபடி ஏறியிருந்தால் மூலம் இன்னும் உள்ளே இருக்கிறது. பம்புகளைக் கழற்றி அச்சுகளையும் ஹீட்டரின் உறையையும் பார்க்க வேண்டும்.

குறைந்தவற்றைக் கூட்டும்போது, அறிக்கையில் தெளிவாக அளக்கப்பட்ட மாலிப்டினம், வனேடியம் போன்றவற்றைக் கணக்கிட்டுச் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு தனிமம், ஒரு வாரத்துக்குப் பிரித்து. அளக்க முடியாத இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் ஆகியவற்றுக்குப் பவளத்தின் வளர்ச்சியையே அளவுகோலாகக் கொள்வது பாதுகாப்பு. பவளம் எலும்பு கட்டும் வேகம் தினசரி அல்கலினிட்டிச் செலவில் தெரிகிறது. அந்தச் செலவுக்கு விகிதமாகத் தினமும் சிறிதளவு கொடுங்கள். வெப்பம் ஏறியோ பாஸ்பேட் திடீரென இறங்கியோ பவளம் வளர்ச்சியை நிறுத்தி, அல்கலினிட்டிச் செலவு பாதியாகிவிட்டால், அன்றைக்கே உலோக டோஸையும் பாதியாக்கிவிட வேண்டும்.